சிக்குன்குனியா: 1964க்கும் 2006க்கும் இடையே மாறியது எது?

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் நான் கூறிய வாக்கியம் ஒன்றைத் திரும்பப் பெறுவதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். தெலுங்கு, தமிழ் இருமொழிப் பகுதிகளில் நோய்ப்பெயர்கள் வழங்கும் முறை பற்றிய உரை அது. அதன் நடுவே, '2006இல் ராயலசீமாவை முடக்கிய சிக்குன்குனியா, மரபுத் திரிபு அடைந்து கொடியதாக மாறிய வைரஸ். அதனால்தான் 1964ஐவிட அது கடுமையாக இருந்தது' என்று சொல்லிவிட்டேன். அவையில் எவரும் மறுக்கவில்லை. மறுநாள் திருப்பதியிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அங்கே ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியலுக்கெனத் தனித்துறை உண்டு. அதில் பயின்றவர் அவர். 'நீ சொல்லும் திரிபு ஆந்திரத்து மாதிரிகளில் இல்லவே இல்லை, தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று தொடங்கிய வாசிப்பின் விளைவு கீழே.

முதலில் இவ்வாய்வில் எனக்குள்ள சொந்தப் பற்றையும் சொல்லிவிட வேண்டும். 2006இல் எனக்கு எட்டு வயது. புத்தூருக்கு அருகே எங்கள் வீடு. ஆயாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. ஒரு காலையில் காய்ச்சலோடு எழுந்தவர் மாலைக்குள் கைவிரல்களை மடக்க முடியாதவரானார். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவதில் தென்னாடெங்கும் பெயர்பெற்ற ஊர் எங்களுடையது. ஆகவே வீட்டார் அவரைக் கட்டுக்காரர் ஒருவரிடமே முதலில் அழைத்துச் சென்றனர். அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, 'எலும்புல ஒண்ணும் இல்லம்மா, இது காய்ச்சல், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று அனுப்பிவிட்டார். காய்ச்சல் நான்கு நாளில் தணிந்தது. மூட்டுவலி மூன்றாண்டு இருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள வேலூரிலிருந்து வந்த அவருடைய அக்கா, எங்கள் பெரிய ஆயா, அதே வீட்டில், அதே கொசுக்களுக்கிடையே இரண்டு மாதம் தங்கினார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. 'எனக்கு இது சின்ன வயசுலயே வந்து போயிடுச்சி' என்பார். 1964இல் அவர் வேலூரில் வாழ்க்கைப்பட்ட புதுமணப்பெண்.

ஒரே வீடு, ஒரே நோய், இரு உடல்கள். ஒருவர் மூன்றாண்டு முடங்கினார். மற்றவர் தொடப்படவே இல்லை. வைரஸின் மரபணு வேறுபாடு நோயின் போக்கை எந்த அளவு தீர்மானிக்கிறது என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் வருகிறது.

வேலூர் நமக்கு அயலூர் அன்று. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரிந்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை, வட ஆர்க்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். ஆகவே சித்தூர், திருப்பதிப் பகுதியின் பழைய நோய் வரலாற்றை ஐதராபாத்தில் தேடிப் பயனில்லை. சென்னை மாகாண ஆவணங்களில், வட ஆர்க்காடு என்ற தலைப்பின்கீழ்த்தான் தேட வேண்டும். (2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. வருங்கால ஆய்வாளருக்கு மேலும் ஒரு தலைப்பு.)

1964ஆம் ஆண்டு நிகழ்வு நன்கு பதிவாகியிருப்பதற்கும் வேலூரே காரணம். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டொனால்டு கேரி, ரூத் மையர்ஸ், கொசுவியல் அறிஞர் ரேச்சல் ரூபன் முதலியோர் அப்போது வைரஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். கொள்ளைநோய் அவர்களுடைய ஆய்வகத்தின் வாயிற்படிக்கே வந்தது எனலாம். 1969இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அவ்வாண்டு வேலூரில் சிக்குன்குனியாவும் டெங்குவும் உடனிகழ்வாகப் பரவியதை எடுத்துரைக்கிறது. இது சிறு செய்தியன்று. முந்தைய ஆண்டு, 1963இல், கல்கத்தாவில் தோன்றிய கொள்ளைநோயில் இரத்தக்கசிவும் இறப்புகளும் இருந்தன. அதற்குக் காரணம் சிக்குன்குனியாவா டெங்குவா என்பது அன்றே ஆய்வுலகில் விவாதமாயிற்று. இரு வைரஸ்களும் அந்நகரில் இருந்தன. சென்னையிலும் வேலூரிலும் அத்தகைய கடுமை பெரிதாகத் தென்படவில்லை. கல்கத்தாவில் பரவியதும் தெற்கே பரவியதும் ஒரே மரபணு வகையைச் சேர்ந்தவை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆக, நோயின் போக்கு மாறியதாலேயே வைரஸ் மாறியிருக்க வேண்டும் என்ற ஊகம் அப்போதே ஒருமுறை பொய்த்துப்போனது. நான் அதே ஊகத்தைத்தான் அறுபது ஆண்டு கழித்து மேடையில் சொன்னேன்.

கேரியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லாமல் நகர மனமில்லை, ஏனெனில் அவருடைய 1971ஆம் ஆண்டுக் கட்டுரை, மொழியியல் பயின்ற எவரையும் மகிழ்விக்கும். டெங்குவும் சிக்குன்குனியாவும் வரலாற்றில் ஆள்மாறாட்டம் செய்துகொண்டன என்பது அதன் வாதம். 1779இல் பத்தாவியாவில் டேவிட் பைலன் என்ற டச்சு மருத்துவர் 'கணுக்காய்ச்சல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நோயை விவரித்தார்; டெங்குவின் முதல் விவரிப்பு என்று பாடநூல்கள் அதைக் குறித்துவந்தன. ஆனால் அதில் முதன்மையாக இருப்பது மூட்டுவலி. 1823இல் சான்சிபாரிலும், 1824-25இல் இந்தியாவிலும், மீண்டும் 1870க்குப் பின் சான்சிபார் தொடங்கி இந்தியாவரையிலும் பரவிய 'டெங்கு'க்களும் அவ்வாறே. சான்சிபாரில் பணியாற்றிய ஜேம்ஸ் கிறிஸ்டி 1872இல் எழுதிய குறிப்பில், அந்நோயைச் சுவாகிலி மக்கள் 'கிடிங்கா பெப்போ' என்று அழைத்ததையும், முதியவர்கள் அதே பெயரில் 1823இன் நோயை நினைவுகூர்ந்ததையும் பதிவுசெய்கிறார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரு நோயை அடையாளம் காண மக்களிடம் இருந்த ஒரே கருவி ஒரு சொல். 'டெங்கு' என்பதே அச்சொல்லின் வழிவந்தது என்பர். இறுதியில் அப்பெயர் வேறொரு வைரசுக்குச் சென்று ஒட்டிக்கொண்டது. பழைய உரிமையாளருக்குப் புதுப்பெயர் தேவைப்பட்டது.

அப்புதுப்பெயர் 1952-53இல் தாங்கனிக்காவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் கிடைத்தது. ராபின்சனும் லம்ஸ்டனும் 1955இல் அங்கு நிகழ்ந்த கொள்ளைநோயை விவரித்தனர். ராஸ் 1956இல் வைரஸைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். 'சிக்குன்குனியா' சுவாகிலிச் சொல் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அது மக்கொண்டே மொழிச்சொல். வளைந்து முறுகுவதைக் குறிப்பது. நம் ஊரில் அது 'சிக்கன் குனியா' ஆனது. தமிழ்க்காதில் 'குனி' என்ற பகுதி தற்செயலாக நோயின் தோற்றத்தோடு பொருந்த, மீதியிருந்த 'சிக்கன்' கோழியின்மேல் பழியைச் சுமத்தியது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டிருந்ததும் சேர்ந்துகொள்ள, எங்கள் தெருவில் சில மாதங்கள் கோழிக்கறி வாங்குவாரில்லை. வீட்டுக்கு வீடு நீர்த்தொட்டி திறந்து கிடந்தது; அஞ்சப்பட்டதோ கோழி. நாட்டார் சொற்பிறப்பு உடல்நலத்துக்குக் கேடாக முடிந்த எடுத்துக்காட்டு வேண்டுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி மரபணுவுக்கு வருவோம். 1963 முதல் 1973இல் மகாராட்டிரத்தின் பார்சி நகரில் பரவியதுவரை இந்தியாவில் பல இடங்களில் தோன்றிய சிக்குன்குனியா, அதன்பின் ஏறத்தாழ மறைந்தது. புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கோர்ஷெத் பாவ்ரி, 1986இல் இம்மறைவைப் பற்றியே தனியாக எழுதினார். பின்னர் 2005இன் இறுதியில் ஆந்திரத்திலிருந்து, குறிப்பாக ராயலசீமா மாவட்டங்களிலிருந்து, கொத்துக் கொத்தாகக் காய்ச்சல் செய்திகள் வரத் தொடங்கின. 2006 முடிவில் நாடு முழுவதும் அரசுக் கணக்கில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாக ஐயுறப்பட்டனர். அவர்களுள் பாதிக்கும் மேல் கர்நாடகத்தினர்.

ஆந்திரம், கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களின் மாதிரிகளை ஆராய்ந்து புனே நிறுவனத்தார் 2006இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. 2000ஆம் ஆண்டில் பவர்ஸ் குழுவினர் உலகின் சிக்குன்குனியா வைரஸ்களை மூன்று கால்வழிகளாகப் பகுத்திருந்தனர்: மேற்கு ஆப்பிரிக்கக் கால்வழி; கிழக்கு, நடு, தென் ஆப்பிரிக்கக் கால்வழி; ஆசியக் கால்வழி. 1963-73இன் இந்திய வைரஸ்கள் ஆசியக் கால்வழி. 2005-06இன் வைரஸ்களோ கிழக்கு, நடு, தென் ஆப்பிரிக்கக் கால்வழி. அதாவது பழைய நோய் திரிந்து திரும்பவில்லை; உறவினன் ஒருவன் அதே பெயரில் வந்திருக்கிறான். அதைவிட வியப்பூட்டுவது, 2000ஆம் ஆண்டில் புனே மாவட்டத்தின் யவத் என்னும் ஊரில் பிடித்த கொசுவிலிருந்து எடுத்த வைரசும் இதே ஆப்பிரிக்கக் கால்வழியைச் சேர்ந்ததாக இருந்தது. கொள்ளைநோய்க்கு ஐந்தாண்டு முன்னரே அக்கால்வழி இந்நாட்டில் சத்தமின்றி இருந்திருக்கிறது.

'திரிபு அடைந்த கொடிய வைரஸ்' என்ற கதை எங்கிருந்து வந்தது? ரீயூனியன் தீவிலிருந்து. 2005-06இல் அங்கு மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினர், ஏறத்தாழ 2,66,000 பேர், நோயுற்றனர். அத்தீவின் வைரஸ்களில், இ1 எனப்படும் உறைப்புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் புகுந்திருந்தது கண்டறியப்பட்டது. இறப்புகளும் பதிவானதால், இம்மாற்றமே நோயைக் கொடியதாக்கியது என்ற எண்ணம் செய்தித்தாள்களில் பரவியது. ஆனால் 2007இல் செட்சர்க்கின் குழுவினர் காட்டியது வேறு. அம்மாற்றம் வைரஸை ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் கொசுவுக்கு ஏற்றதாக்குகிறது. ரீயூனியனில் ஏடிஸ் எஜிப்தி அரிது, அல்போபிக்டஸ் மிகுதி. நோயாளியின் மூட்டைப் பற்றிய மாற்றம் அன்று அது. கொசுவின் குடலைப் பற்றியது. கடுமை வேறு, பரவும் திறன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே என் வாக்கியத்தின் முதற்பிழை.

இரண்டாம் பிழை இன்னும் எளியது. 2006இன் ஆந்திர மாதிரிகளில் 226ஆம் இடத்தில் இருந்தது பழைய அலனினே. வாலின் இந்தியாவில் தென்பட்டது அடுத்த ஆண்டு, 2007இல், கேரளத்தில். இரப்பர்த் தோட்டங்களும் அல்போபிக்டஸ் கொசுவும் நிறைந்த நிலத்தில். ராயலசீமாவுக்கு அத்திரிபு தேவைப்படவே இல்லை. தண்ணீர்ப் பஞ்சத்தால் வீட்டுக்குள்ளேயே தொட்டியிலும் பீப்பாயிலும் குடத்திலும் நாள்கணக்கில் நீரைச் சேமிக்கும் நாடு இது. ஏடிஸ் எஜிப்திக்கு அதைவிட வசதி வேறென்ன? முப்பதாண்டு இந்நோயைக் காணாத, எதிர்ப்பாற்றல் அற்ற மக்கள்திரளும் சேர்ந்தது.

ஆசியக் கால்வழி ஏன் அம்மாற்றத்தை ஏற்கவில்லை என்பதற்கு 2011இல் கிடைத்த விடையை நம் துறை மாணவர்களுக்கு மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். தென்கிழக்காசியா அல்போபிக்டஸின் தாயகம். ஆசியக் கால்வழி அங்குப் பல பத்தாண்டுகள் இருந்தும் அக்கொசுவுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளவில்லை. காரணம், அதே இ1 புரதத்தின் 98ஆம் இடத்தில் ஆசியக் கால்வழியில் உள்ள திரியோனின். அது இருக்கும்வரை 226இல் வாலின் வந்தாலும் பயனில்லை. தொல்திராவிட ககரம் முன்னுயிருக்கு முன் தமிழில் சகரமாகும் விதியை நினைவுகொள்க. கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி'. ஆனால் பின்னே நாவளை மெய் வரின் தமிழில் அம்மாற்றம் நிகழாது: 'கெடு', 'கிளி'. தெலுங்கில் அத்தடை இல்லை: 'செடு', 'சிலுக'. சொல்லில் சற்றுத் தள்ளியிருக்கும் ஓரொலி, முன்னே நிகழவேண்டிய மாற்றத்தைத் தடுக்கிறது. ஒரு மொழியில் தடுக்கிறது, உடன்பிறந்த மொழியில் தடுக்கவில்லை. சித்தூர்ச் சந்தையில் காலை முதல் மாலைவரை இரண்டையும் கேட்கிறோம். (ஒப்புமை இவ்வளவே. ஒலிமாற்றத்துக்கு இயற்கைத் தேர்வு இல்லை, நீட்டினால் நொண்டும்.)

அப்படியானால் கால்வழிக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பே இல்லையா? நண்பரோடு நான் நெடுநேரம் வழக்காடியது இங்கேதான். உண்டு என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன. 2015இல் வெளியான எலி ஆய்வொன்றில், கரீபியனில் பரவிய ஆசியக் கால்வழி வைரஸ், ரீயூனியன் வைரஸைவிடக் குறைந்த மூட்டழற்சியையே உண்டாக்கியது; உடலின் தடுப்பாற்றல் எதிர்வினையும் வேறுபட்டது. 2019இல் நிக்கராகுவா தரவுகளைப் பிற நாட்டுத் தரவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு, அறிகுறியே தோன்றாத தொற்று ஆசியக் கால்வழியில் மிகுதி என்றும், இந்தியப் பெருங்கடல் கால்வழியில் குறைவு என்றும் கண்டது. இவை வலுவான குறிப்புகள். 1964இன் நோய் எளிதாகவும் 2006இன் நோய் கடுமையாகவும் மக்கள் நினைவில் தங்கியதற்கு இவ்வேறுபாடு ஒரு பங்கு காரணமாக இருக்கலாம் என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆனால் எலியின் பாதம் ஆயாவின் முழங்கால் அன்று. ரீயூனியனில் கடுமையாக நோயுற்றோர் பெரும்பாலும் முதியோர், வேறு நோய் உடையோர், பேறுகாலத்தில் தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற பச்சிளங்குழந்தைகள். வைரஸ் ஒன்றே, உடல்கள் பல. நோயின் முடிவைத் தீர்மானிப்பதில் வயதுக்கும் முன்பிருந்த நோய்க்கும் உள்ள பங்கு, நமக்குத் தெரிந்தவரை, கால்வழியின் பங்கைவிடத் தெளிவாக நிறுவப்பட்டது. மேலும், கால்வழிகள் வேறாயினும் ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பெருமளவு தடுக்கும். இங்கேதான் பெரிய ஆயா வருகிறார். 1964இல் ஆசியக் கால்வழியால் நோயுற்றிருந்தால், 2006இல் ஆப்பிரிக்கக் கால்வழியிடமிருந்து அவர் காக்கப்பட்டிருக்க இடமுண்டு. இருந்தால் என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. வேலூரில் அவ்வாண்டு டெங்குவும் இருந்தது என்று கேரி குழுவினரே சொல்லிவிட்டனர். அவருக்கு வந்தது எது என எவரும் குருதி எடுத்துப் பார்க்கவில்லை. இதைச் சான்றாக ஆய்வேட்டில் வைக்க மாட்டேன். மனத்துக்குள் வைத்திருக்கிறேன்.

கடுமையை எவ்வாறு அளந்தோம் என்பதையும் கேட்க வேண்டும். 2006இல் இந்திய அரசின் கணக்கில் சிக்குன்குனியாவால் நேர்ந்த இறப்பு ஏதுமில்லை. ஆனால் அகமதாபாத் நகரின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து 2008இல் மாவலங்கர் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, ஆகஸ்டு முதல் நவம்பர்வரையான கொள்ளைநோய்க் காலத்தில், முந்தைய நான்காண்டுகளின் அதே மாதங்களுடைய சராசரியைவிட 2,944 இறப்புகள் கூடுதலாக நேர்ந்ததைக் காட்டியது. அவையனைத்தும் சிக்குன்குனியாவால்தான் என்று அக்கணக்கு மெய்ப்பிக்காது. எனினும், சுழியம் என்ற எண்ணை அதன்பின் நம்புவது கடினம். ரீயூனியனில் இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் எழுதப்பட்டது. இங்கே 'முதுமை' என்றோ 'மாரடைப்பு' என்றோ எழுதியிருப்போம். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, அங்குள்ள திரிபு கொல்லும், இங்குள்ளது கொல்லாது என்று முடிவுகட்டியவர்கள் இருந்தனர். அவர்கள் ஒப்பிட்டது வைரஸ்களை அல்ல, எழுத்தர்களை.

1872இன் கொள்ளைநோயைப் பற்றியும் ஒரு சொல். 2010இல் வெளியான முழு மரபணுத்தொகுதி ஆய்வு, ஆசியக் கால்வழி ஆப்பிரிக்க மூதாதையிடமிருந்து ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குமுன் பிரிந்திருக்கலாம் எனக் கணிக்கிறது. சான்சிபாரிலிருந்து இந்தியா வந்த 1870களின் அலையோடு அக்காலம் பொருந்துவது கவர்ச்சியானது. பிரிவுக் காலத்தைக் கணிக்கும் முறைகளின் பிழைவரம்பு மொழியியலில் நமக்குப் பழக்கமானதே. ஆகவே கவர்ச்சி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஆவணம் தேடுவோர் 'டெங்கு' என்ற தலைப்பைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாமல், மூட்டுவலி எத்தனை நாள் நீடித்தது என்று அக்குறிப்பில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளில் வட ஆர்க்காட்டுப் பகுதியை இப்போது அவ்வாறே படித்துக்கொண்டிருக்கிறேன்.

திருத்திய வாக்கியம் இது: 2006இல் ராயலசீமாவில் பரவிய சிக்குன்குனியா, 1964இன் வைரஸிலிருந்து வேறான கால்வழியைச் சேர்ந்தது, ரீயூனியனிலும் பின்னர் கேரளத்திலும் காணப்பட்ட 226ஆம் இடத் திரிபு அதில் இல்லை, அதன் கடுமைக்குக் கால்வழி ஒரு பங்கு காரணமாயிருக்கலாம், எவ்வளவு என்பது நிறுவப்படவில்லை. கருத்தரங்கத் தொகுப்புக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய ஆயா அந்த 1964ஆம் ஆண்டுக் காய்ச்சலை 'மொடக்குக் காய்ச்சல்' என்றே சொல்வார். புத்தூர், நகரி, சத்தியவேடு, பலமனேர், குப்பம், காளத்தி பக்கத்து முதியவர்கள் வீட்டில் இருந்தால், அக்காலத்தில் அதற்குத் தமிழிலோ தெலுங்கிலோ என்ன பெயர் வழங்கிற்று, வலி எத்தனை நாள் இருந்தது, 2006இல் அவர்களுக்கு மீண்டும் வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். ஆள்பெயர் வேண்டாம், ஊரும் வயதும் போதும்.